மேல போறதுக்குத் தடம் இருக்குதே, கண்ணு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு பாறை ஏறுறதைப் பத்தி. மலை ஏறுறது இல்லைங்க, பாறை. அதுலயும் கயிறு, கொக்கி, ஹெல்மெட் எதுவும் இல்லாம, ஒரு ஆள் உயரத்துல இருந்து மூணு ஆள் உயரம் வரைக்கும் இருக்கிற கல்லுல ஏறுறது. இதுக்குப் பேரு போல்டரிங். கோயம்புத்தூர்ல இதை நான் சொன்னாலே, 'ஓ, வெள்ளியங்கிரி போவீங்களா?'ன்னுதான் கேட்பாங்க. ஏழு மலை ஏறுறவங்களுக்குக் கும்பிடு போட்டுக்கறேன். நாங்க அவ்வளவு தூரமெல்லாம் போறதில்லை. ஒரு நாள் முழுக்க ஏறினாலும், மொத்த உயரத்தைக் கூட்டிப் பார்த்தா ஒரு அப்பார்ட்மென்ட் மொட்டை மாடி அளவுக்குத்தான் வரும். அதுக்குள்ளயே ஆள் காலி.

தை மாசத்துல ஒரு சனிக்கிழமை, நாங்க நாலு பேர் ஒரு கரட்டுக்குப் போயிருந்தோம். அந்த ஒரு நாளைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். நடுநடுவுல கொஞ்சம் கதை, கொஞ்சம் கல்லோட வரலாறு, கொஞ்சம் சட்டமும் வரும். பொறுத்துக்கங்க.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

மலை ஏறுறவங்க ரொம்ப காலமா சின்னப் பாறைகளைப் பயிற்சிக்குத்தான் பயன்படுத்தினாங்க. பாரிசுக்குப் பக்கத்துல ஃபோன்தேன்ப்ளூன்னு ஒரு காடு. அங்க மணற்பாறைகள் கொட்டிக் கிடக்குது. ஆல்ப்ஸ் போறதுக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரங்க அங்கதான் கை பழகினாங்க. அமெரிக்காவுல ஜான் கில்னு ஒருத்தர். கணிதப் பேராசிரியர், ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். அவர் 1950-கள்ல சின்னப் பாறையையே ஒரு முழு விளையாட்டா எடுத்துக்கிட்டார். ஜிம்னாஸ்டிக்ஸ்ல கையில பூசுற வெள்ளைப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தப் பொடிக்கு நாங்க சாக்னு சொல்லுவோம். பள்ளிக்கூடத்து சாக்பீஸ் வேற, இது மெக்னீசியம் கார்பனேட். கை வேர்வையை உறிஞ்சிக்கும்.

எவ்வளவு கஷ்டம்னு சொல்றதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. டெக்சாஸ்ல ஹூக்கோ டேங்க்ஸ்னு ஒரு இடம். அங்க ஏறிட்டிருந்த ஜான் ஷெர்மன் உருவாக்கினதுதான் வி அளவு. வி0-ல ஆரம்பிக்கும். இப்போ வி17 வரைக்கும் போயிருக்கு. பின்லாந்துல 'பர்டன் ஆஃப் டிரீம்ஸ்'னு ஒரு பாறை, சில அடி உயரம்தான். அதுல நாலே ஹுக்காதைவல் பல வருஷம் முயற்சி பண்ணி 2016-ல் மேலே வந்தார். ஒரு பாறைக்குப் பல வருஷம்! டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இருந்து, அதாவது 2021-ல் இருந்து, இது ஒலிம்பிக்ஸ்லயும் இருக்கு. ஆனா அங்க செயற்கைச் சுவர்தான்.

நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தா எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு ஹம்பி. கிறிஸ் ஷர்மா அங்க வந்து ஏறினதை 'பில்க்ரிமேஜ்'னு படமா எடுத்தாங்க. 2003-ல் வந்துச்சு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க இருந்து ஆளுங்க முதுகுல மெத்தையைக் கட்டிக்கிட்டு துங்கபத்திரைக் கரைக்கு வர ஆரம்பிச்சாங்க.

எங்க லெவல்? நான் நல்ல நாள்ல வி4. மத்த நாள்ல வி3-ன்னு சொல்லிக்கறேன்.

மேற்க இல்லை, கிழக்க

கோவையில இருந்துக்கிட்டு, கண்ணு முன்னாடியே மேற்குத் தொடர்ச்சி மலை நிக்கும்போது, எதுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல கிழக்க போறீங்கன்னு கேட்பாங்க. காரணம் எளிமை. மேற்க இருக்கிறது பெரும்பாலும் காப்புக்காடு. யானை வழி. வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்ல தேனி குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரங்க இறந்துபோனாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல மலையேற்ற விதிமுறைகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 வழித்தடங்களோட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்குச்சு. நடக்கறவங்களுக்கு அது நல்ல விஷயம். கல்லு ஏறுற எங்களுக்கு அந்தப் பட்டியல்ல இடம் இல்லை.

ஆனா கொங்கு நாட்டோட சமவெளியைப் பாருங்க. ஈரோடு தாண்டி சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல்னு போகப் போக, வயலுக்கு நடுவுல திடீர்னு மொட்டைப் பாறைக் குன்றுங்க எந்திரிச்சு நிக்கும். நம்ம பக்கம் அதுக்கு அழகான பேரு இருக்கு: கரடு. பனை மரம், சோளக்காடு, ஒரு கரடு, கரட்டடியில ஒரு கோயில்.

இந்தக் கல்லெல்லாம் எப்படி உருண்டையா வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? யாரும் உருட்டிவிடலை. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பாறை பூமிக்கு அடியில உருகின குழம்பா இருந்து இறுகினது. 50 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல இருந்த மண்ணும் பாறையும் காலப்போக்குல அரிச்சுப் போக, பாரம் குறைஞ்சு அடியில இருந்த பாறையில விரிசல் விட்டுச்சு. குறுக்கும் நெடுக்குமா, மைசூர்பா வெட்டின மாதிரி. அந்த விரிசல்ல மண்ணுக்கு அடியிலயே தண்ணி இறங்குது. ஒரு கட்டிக்கு நடுப்பகுதியைவிட மூலைதான் சீக்கிரம் மக்கும், ஏன்னா அங்க மூணு பக்கமும் தண்ணி படுது. மூலை போனா மிச்சம் உருண்டை. அப்புறம் சுத்தியிருந்த மக்கின கல்லை மழை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. உருண்டை மட்டும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்குது. நாங்க ஏறுறது அதுலதான்.

அனுமதி, அப்புறம் மெத்தை

எந்தக் கரடுன்னு சொல்ல மாட்டேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவுலன்னு வெச்சுக்கங்க. காரணம் கடைசியில புரியும்.

ஒரு கல்லுல கை வைக்கறதுக்கு முன்னாடி அது யாரோடதுன்னு தெரியணும். பட்டா நிலமா, புறம்போக்கா, காப்புக்காடா, கோயில் நிலமா, தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கா? சங்ககிரி கோட்டை மலையில அருமையான பாறைங்க உண்டு. ஆனா அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்குல போட்ட இடம். அங்க நாங்க படியேறிப் போய் சுத்திப் பார்ப்போம், கல்லுல ஏற மாட்டோம். நாமக்கல் கோட்டைப் பாறையும் அதே மாதிரிதான்.

நாங்க போன கரட்டுல கீழ்ப்பாதி பட்டா. நாங்க ஏறுறது அந்தப் பாதியில மட்டும்தான். எங்க குழுவுல ஒருத்தனோட பெரியப்பா மூலமா நிலத்துக்காரங்ககிட்ட பேசியிருந்தோம். ரெண்டு நிபந்தனை சொன்னாங்க. ஆடு மேயுற நேரத்துல சத்தம் போடக் கூடாது. கன்னிமார் கல்லுப் பக்கம் செருப்போட போகக் கூடாது.

விடிகாலை மூணரைக்கு ஆம்னி வேன்ல கெளம்பினோம். நான், பிசியோதெரபிஸ்டா வேலை பார்க்கிற ஒரு அக்கா, இஞ்சினியரிங் கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தன், அப்புறம் என் மச்சான். வண்டி மேல ரெண்டு க்ராஷ் பேடு. பவானி லட்சுமி நகர்ல டீ குடிக்க நின்னப்ப, கடைக்காரர் வண்டியை ஒரு சுத்து பார்த்துட்டு, "மெத்தை யாவாரமுங்களா?"ன்னார். மச்சான் கொஞ்சமும் யோசிக்காம, "ஆமாங்ண்ணா, விழுகிறவங்களுக்கு"ன்னான்.

உண்மையிலயே அதுதான். க்ராஷ் பேடுங்கறது மடிச்சு முதுகுல மாட்டுற கெட்டி மெத்தை. மேல ஒரு அடுக்கு கெட்டியா இருக்கும், அடியில மெத்துனு இருக்கும். மேல் அடுக்கு விழுற பாரத்தை அகலமாப் பரப்பும், அடி அடுக்கு வாங்கிக்கும். ஆனா மெத்தை இருக்கிற இடத்துல விழணும் இல்லையா? அதுக்குத்தான் கீழ ஒரு ஆள் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். ஸ்பாட்டிங்னு பேரு. விழுறவங்களைப் பிடிக்கறது அதோட வேலை கிடையாது, பிடிக்கவும் முடியாது. இடுப்பைத் தள்ளி மெத்தைக்குள்ள விழ வைக்கணும், தலை கல்லுல படாமப் பார்க்கணும். அக்கா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: "கட்டை விரலை உள்ள மடக்கி வெச்சுக்கங்கடா. இல்லைன்னா திங்கட்கிழமை என்கிட்டதான் வருவீங்க."

முதல் கல்லு: காலை நம்பறது

ஆறரைக்கு வெளிச்சம் வந்துச்சு. பாறை சில்லுனு இருந்துச்சு. இந்த விளையாட்டுக்கு மார்கழியும் தையும்தான் காலம். கல்லு குளிர்ந்திருந்தா விரல் வேர்க்காது, பிடிப்பு இருக்கும். சித்திரையில வந்தீங்கன்னா அதே கல்லு தோசைக்கல்லு. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கோயம்புத்தூர்ல சும்மா ஜில்லுனு அடிக்கும், ஏறலாம்னு தோணும். மழையை மட்டும் நம்ப முடியாது.

முதல் கல்லு ஸ்லாப். அதாவது செங்குத்தா இல்லாம நம்மைவிட்டு அந்தப் பக்கம் சாஞ்சிருக்கிற பாறை. பார்த்தா சுலபமாத் தெரியும். ஆனா கைக்கு ஒண்ணுமே கிடைக்காது. ஷூவோட ரப்பரைக் கல்லுல அழுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உடம்பு பாரம் மொத்தத்தையும் காலுக்குக் கொடுக்கணும். பயந்து கல்லோட ஒட்டிப் படுத்தீங்கன்னா பாரம் காலைவிட்டுப் போயிரும், வழுக்கிரும். பயப்படும்போது உடம்பு தானா என்ன பண்ணத் தோணுமோ, அதுக்கு நேர் எதிரா பண்ணணும்.

தம்பிக்கு வெளிக் கல்லுல அதுதான் முதல் நாள். உள்ளரங்கச் சுவர்ல எங்க எல்லாரையும்விட பலசாலி. கலர் கலரா பிளாஸ்டிக் பிடி இருக்கும், எதைப் பிடிக்கணும்னு சுவரே சொல்லிரும். இங்க வெறும் சாம்பல் கல்லு. பத்து நிமிஷம் நின்னு பார்த்துட்டு, "அண்ணா, பிடி எங்க இருக்குது?"ன்னான். "இல்லை"ன்னேன். "அப்புறம்?" "அப்புறம் ஏறு."

மூணு தடவை வழுக்கினான். நாலாவது தடவை இடுப்பை வெளிய தள்ளி, நிமிர்ந்து நின்னு, நடந்தே போயிட்டான். மேல போய் நின்னதும் சத்தம் போட வாயைத் தொறந்தவன், ஆடு ஞாபகம் வந்து கையை மட்டும் ஆட்டினான்.

அந்தக் கேள்வி

எட்டு மணி வாக்குல ஒரு அம்மா பத்துப் பதினஞ்சு ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கும். நாங்க ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் அதே கல்லுல விழுந்து விழுந்து எந்திரிக்கறதைப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாங்க. அப்புறம் கேட்டாங்க:

"ஏங்கண்ணு, மேல போகோணும்னா அந்தப் பக்கம் தடம் இருக்குதே? எதுக்கு இதுல போய் கஷ்டப்படறீங்?"

நாலு பேருக்கும் பதில் இல்லை. அக்காதான், "சும்மா, வெளையாட்டுக்குங்கம்மா"ன்னாங்க. அந்தம்மா, "வெளையாட்டா!"ன்னுட்டு, எங்க மெத்தையை ஒரு தடவை காலால அழுத்திப் பார்த்தாங்க. "நல்லாத்தான் இருக்குது. படுத்துத் தூங்கலாம்."

அவங்கதான் எங்களுக்கு அந்தக் கரட்டையே அறிமுகப்படுத்தினாங்க. நாங்க நின்ன கல்லு பேரு சட்டிக்கல்லு. கவுத்த சட்டி மாதிரி இருக்கறதால. அதுக்கு மேல இருக்கிற நீளக் கல்லு, மாடு படுத்த கல்லு. மழை பேஞ்சா தண்ணி நிக்கிற குழி ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு பேரு. ஆடு மழைக்கு ஒதுங்கற பொடவுக்கு ஒரு பேரு. உலகம் முழுக்கப் பாறை ஏறுறவங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஒரு வழியை யார் முதல்ல ஏறுறாங்களோ அவங்கதான் பேர் வைப்பாங்க. மச்சான் ஒரு நோட்டுல ஆங்கிலத்துல கெத்தா ரெண்டு மூணு பேரு எழுதிட்டு வந்திருந்தான். அந்தப் பக்கத்தை அப்பவே கிழிச்சு பாக்கெட்டுல போட்டுக்கிட்டான்.

தொடாத கல்லு

அந்தக் கரட்டுல இருக்கறதுலயே அருமையான பாறை எதுன்னு கேட்டா, நாங்க நாலு பேரும் ஒரே கல்லைத்தான் காட்டுவோம். வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற கூரை மாதிரி ஒரு கல்லு. அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே ஒரு விரிசல் ஓடுது. பார்த்தா கை துறுதுறுங்குது. அதுக்கு அடியிலதான் கன்னிமார். ஏழு சின்னக் கல்லு, மஞ்சள் பூசி, பொங்கலுக்கு வெச்ச பூ காஞ்சு கிடக்குது.

தம்பி கேட்டான்: "செருப்புப் போடாம ஏறலாமே? அவங்க செருப்பைத்தானே வேண்டாம்னாங்க?"

வக்கீல் மாதிரி கேட்டான், ஆனா நியாயமான கேள்விதான். கொஞ்ச நேரம் பேசினோம். அந்தக் கூரையில ஏறினா மெத்தையைக் கன்னிமார் மேலதான் போடணும். விழுந்தா அங்கதான் விழுவோம். சாக் பொடி அங்கதான் கொட்டும். நிபந்தனையோட வார்த்தையைப் பார்த்தா ஏறலாம். அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு பார்த்தா ஏறக் கூடாது. விட்டுட்டோம்.

இந்த வெள்ளைப் பொடி விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லணும். நம்ம கோவைக்குப் பக்கத்துல குமிட்டிபதியில பாறை ஓவியங்கள் இருக்கு. வெள்ளை நிறத்துல வரைஞ்சது, யானையெல்லாம் உண்டு. வெள்ளை ஓவியம் இருக்கிற மாதிரி ஒரு பாறையில, வெள்ளை சாக்கைப் பூசின கையால ஒருத்தர் தடவிட்டுப் போனா என்ன ஆகும்? எது ஆயிரக்கணக்கான வருஷம் பழசு, எது போன ஞாயிற்றுக்கிழமை வந்ததுன்னு தெரியாமப் போயிரும். ஈரோடு பக்கத்துல அறச்சலூர் நாகமலையில, ஒரு பாறைத் தாழ்வாரத்துல, தாளச் சொற்களை வெட்டி வெச்சிருக்கிற தமிழி கல்வெட்டு இருக்கு. கரூர் பக்கத்துல புகழூர் ஆறுநாட்டான் மலையில சமணர் படுக்கையும் சேர மன்னர்கள் பேர் வர்ற கல்வெட்டும் இருக்கு. ஏறுறவங்களுக்குப் பிடிச்ச மாதிரி நிழலா, கூரையா இருக்கிற பாறைதான் ரெண்டாயிரம் வருஷமா எல்லாருக்கும் பிடிச்ச பாறை. அதனால எங்க குழுவுல ஒரு விதி: பொடவுக்குள்ள முதல்ல டார்ச் அடிச்சுச் சுவரைப் பார்க்கணும். எழுத்தோ, கோடோ, நிறமோ எது தெரிஞ்சாலும் கை வைக்கறதில்லை. கூரையைப் பார்க்கும்போதே மலைத்தேன் கூடு இருக்கான்னும் பார்த்துக்கலாம். பெருந்தேனீ துரத்தினா வி17 ஏறுறவனும் ஓடத்தான் வேணும்.

பத்து மணியில இருந்து மூணு மணி வரைக்கும்

பத்து மணிக்கு மேல கல்லு சூடாயிருச்சு. வேப்ப மரத்தடியில உக்காந்தோம். வீட்டுல கட்டிக் கொடுத்த அரிசிம்பருப்புச் சோறு, கூட அந்தம்மா கொண்டாந்த மோர். விரல் நுனியெல்லாம் செவந்து எரிஞ்சுச்சு. இந்தப் பக்கத்துக் கல்லுல வெங்கச்சாங்கல் துணுக்கு நிறைய. கண்ணாடித் தூள் மாதிரி தோலைச் சீவும். பிடிக்கு நல்லது, தோலுக்குக் கெட்டது.

ஒரு மணி இருக்கும், தூரத்துல சங்கு ஊதுச்சு. ஆடெல்லாம் தலையைத் தூக்குச்சு. அப்புறம் ஒரு வெடி. காதுல கேட்கறதுக்கு முன்னாடி உக்காந்திருந்த தரையில தெரிஞ்சுச்சு. கரட்டுக்கு அந்தாண்ட ஒரு குவாரி.

அந்தம்மா சாதாரணமாச் சொன்னாங்க. குவாரி இருக்கிற இடத்துலயும் முன்னாடி ஒரு கரடு இருந்துச்சாம். இதைவிடப் பெருசு. அதுலயும் கல்லுக்கெல்லாம் பேரு இருந்துச்சாம். "இப்ப கல்லும் இல்ல, பேரும் இல்ல. குழியில தண்ணி நிக்குது." இந்தக் கரட்டுக்கும் குத்தகை கேட்டு வந்திருக்காங்க. நிலத்துக்காரங்க வீட்டுல ரெண்டு பேச்சு. பையன் கொடுத்தர்லாம்னு சொல்றார், பெரியவர் வேண்டாங்கறார். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குன்னாங்க. மானாவாரிக் காடு. மழை இல்லைன்னா ஒண்ணும் இல்லை. கல்லு மட்டும்தான் விலை போகுது.

நாங்க நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. 'ஐயோ, மலையைக் காப்பாத்தணும்'னு சொல்றது எங்களுக்கு ரொம்ப சுலபம். ஆனா நான் இருக்கிற அப்பார்ட்மென்ட் எம்-சாண்டுல கட்டினது. ஆத்து மணல் அள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் கல்லை உடைச்சு மணலாக்குறோம். நாங்க வந்த சாலைக்கு அடியில இருக்கிற ஜல்லி ஏதோ ஒரு கரடு. கோவையில எழும்புற ஒவ்வொரு மேம்பாலத்துக்குள்ளயும் பேரு இருந்த கல்லு எவ்வளவு கிடக்குதோ. இது தெரியாத மாதிரி ரெண்டு நாள் விடுமுறைக்கு வந்து வேதாந்தம் பேச முடியாது.

அதே சமயம் எல்லாக் கல்லும் உடைக்கறதுக்குத்தான்னும் இல்லை. மதுரை அரிட்டாபட்டியை எடுத்துக்கங்க. குன்றுங்க, சுனைங்க, சமணர் படுக்கை, பாண்டியர் குடைவரை, அரிய பறவைங்க. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. 2024-ல் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்துச்சு. ஊர் ஊரா மக்கள் எந்திரிச்சாங்க. 2025 ஜனவரியில ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அங்க ஜெயிக்க வெச்சது எது? கல்லுக்குப் பேரும் கதையும் இருந்துச்சு, அதைச் சொல்ல ஊர்ல ஆள் இருந்தாங்க. ஆவணத்துல 'பாறை, தரிசு'ன்னு மட்டும் இருக்கிற ஒரு கரட்டுக்காக யார் பேசுவாங்க?

நாங்க ஏற வர்றதால அந்தக் கரடு பிழைச்சிருமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு பேர் கொடுக்கிற சாப்பாட்டுக் காசு குவாரிக் குத்தகைக்கு ஈடாகாது. கூட்டம் வந்தா அது வேற பிரச்சினை. ஹம்பிக்கு எதிர்க்கரையில விருபாபுர கட்டியில ஏறுறவங்களும் சுற்றுலாக்காரங்களும் தங்கின விடுதிகளை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் 2020-ல் இடிச்சாங்க. பாரம்பரியப் பகுதியில விதியை மீறிக் கட்டினதுன்னு. அதனாலதான் இடத்தோட பேரை நான் சொல்லலை. ரீல்ஸ் பார்த்துட்டு நாப்பது வண்டி வந்து நின்னா, அந்தப் பெரியவருக்கு 'வேண்டாம்'னு சொல்ல இருக்கிற ஒரே காரணமும் போயிரும்.

கடைசிக் கல்லு

மூணரைக்கு நிழல் விழுந்துச்சு. மாடு படுத்த கல்லோட கிழக்கு முகம். பதிமூணு அடி இருக்கும். கீழ்ப்பாதியில விரல் நுனி மட்டும் போற ரெண்டு விளிம்பு. நடுவுல இடது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைக்கணும். கடைசியில பிடியே இல்லாத வழவழப்பான நெத்தி. அந்த நெத்திக்கு மேல ஏறி உக்கார்ற அசைவுக்கு மேன்டில்னு பேரு. கிணத்துலயோ தொட்டியிலயோ நீச்சல் அடிச்சவங்களுக்குத் தெரியும். படி இல்லாத பக்கம் கையை ஊனி, உடம்பைத் தூக்கி, முட்டியை மேல போட்டு எந்திரிப்போம்ல? அதேதான். தண்ணிக்குப் பதிலா கீழ கல்லு.

கீழ மெத்தைக்கு வலது பக்கம் கூரா ஒரு பாறை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு மெத்தையை அது மேலயே கட்டினோம். யார் எங்க நிக்கணும், எந்தப் பக்கம் விழுந்தா யார் தள்ளணும்னு பேசி முடிக்கவே இருபது நிமிஷம் ஆச்சு. இந்த இருபது நிமிஷம்தான் இந்த விளையாட்டுல எனக்குப் பிடிச்ச நேரம். நான் மேல இருக்கும்போது என் முதுகெலும்பு மச்சான் கையில. எங்களுக்குள்ள போன மாசம் ஒரு காசு விஷயத்துல மனஸ்தாபம். அது அப்போ யாருக்கும் ஞாபகத்துல இல்லை.

நான் நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் நெத்தி வரைக்கும் போனேன். உள்ளங்கையை வெச்சு அழுத்தறேன், கல்லு கையைத் திருப்பிக் கொடுக்குது. நாலாவது தடவை முட்டி மேல வந்துருச்சு. ஒரு நொடி எல்லாம் அப்படியே நின்னுச்சு. கீழ யாரும் மூச்சு விடலை. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, கை வழுக்கறது தெரிஞ்சுச்சு. விழுந்தேன். மச்சான் இடுப்புல ஒரு தள்ளு. நடு மெத்தையில உக்காந்திருந்தேன். நடுவிரல் நுனி கிழிஞ்சு ரத்தம். எனக்கு அன்னைக்கு அவ்வளவுதான். தோல் போனா நாள் முடிஞ்சுது.

அக்கா எங்களைவிட உயரம் குறைவு. நாங்க காலைத் தூக்கி வைக்கிற இடம் அவங்களுக்கு எட்டாது. அவங்க வேற வழி கண்டுபிடிச்சாங்க. குதிகாலை விளிம்புல கொக்கி மாதிரி மாட்டி, நாங்க பிடிச்ச பிடியையே தொடாம, பக்கவாட்டுல போய் நெத்திக்கு வந்தாங்க. அங்க அவசரப்படலை. கையைத் திருப்பி, விரல் தன் பக்கம் பார்க்கிற மாதிரி வெச்சு, ஒரே அழுத்தம். முட்டி, அப்புறம் கால். நின்னுட்டாங்க.

ஆடு மேய்க்கிற அம்மா வீட்டுக்குத் திரும்புற நேரம். கீழ இருந்து பார்த்துட்டு, "அட, அம்மிணி ஏறிப்போட்டா!"ன்னாங்க. அன்னைக்குக் கரட்டுல சத்தம் போட்டது அவங்க மட்டும்தான்.

அப்புறம் அக்கா எப்படி இறங்கினாங்க? காலையில அந்தம்மா காட்டின அதே ஆட்டுத் தடத்துல. இது போல்டரிங்கோட ரகசியம். கஷ்டமான முகத்துல ஏறி, சுலபமான பக்கத்துல நடந்து இறங்குவோம். தடம் இல்லாத கல்லுல ஏறினா இறங்க வழி இல்லை. ஏறுறதுக்கு முன்னாடியே நாங்க முதல்ல தேடுறது அந்தத் தடத்தைத்தான். அது ஆடும் ஆடு மேய்க்கிறவங்களும் நடந்து நடந்து போட்டது.

எதுக்குக் கஷ்டப்படறீங்கன்னு கேட்டாங்களே, அதுக்கு அடுத்த தடவை போகும்போது அவங்ககிட்ட இப்படித்தான் சொல்லலாம்னு இருக்கேன்: தடத்துல போனா மேல போயிருவோம்ங்கம்மா. ஆனா இந்தக் கல்லு எப்படி இருக்குன்னு கைக்குத் தெரியாது. திருச்செங்கோட்டு மலை உச்சியில குழந்தை வரம் வேண்டி பெண்கள் சுத்தி வர்ற வறடிக்கல்லு ஒண்ணு உண்டு. 'மாதொருபாகன்' படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் கல்லு, மறுபக்கம் பள்ளம். அவங்க போறது வேண்டுதலுக்கு, நாங்க போறது விளையாட்டுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. ஆனா கல்லோட உடம்பை ஒட்டி, காலைப் பார்த்து வைக்கறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை.

ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு

முதல்ல உள்ளரங்கச் சுவர்ல ஒரு ரெண்டு மாசம். விழப் பழகுங்க, ஏறுறது தானா வரும். விழும்போது ரெண்டு காலும் சேர்ந்து படணும், முட்டியை மடக்கணும், கையை ஊனக் கூடாது. தனியா வெளிக் கல்லுக்குப் போகாதீங்க. தெரிஞ்சவங்களோட, பக்கத்து ஆஸ்பத்திரி எங்கன்னு பார்த்து வெச்சுக்கிட்டுப் போங்க. நிலம் யாரோடதுன்னு கேளுங்க. சாக்கைக் கம்மியாப் போடுங்க, போகும்போது பிரஷ் வெச்சுத் தேய்ச்சுட்டு வாங்க. கூழாங்கல்லைக் கூட எடுத்துட்டு வர வேண்டாம்.

ஏற விருப்பம் இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க ஊர்ல, உங்க அம்மாயி ஊர்ல, ஒரு கரடு இருக்கும். அடுத்த தடவை போகும்போது வயசானவங்க யாரையாவது கூட்டிக்கிட்டுப் போய், எந்தக் கல்லுக்கு என்ன பேருன்னு கேட்டு, போன்ல பதிவு பண்ணி வெச்சுக்கங்க. இடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம். பேரை மட்டும் எங்களுக்கு அனுப்புங்க. ஒரு எபிசோடு முழுக்க அந்தப் பேருங்களை மட்டும் வாசிக்கலாம்னு ஆசை.

சட்டிக்கல்லு, மாடு படுத்த கல்லு. எங்க பக்கத்துல இருந்து ரெண்டு சொல்லியாச்சு. அடுத்த எபிசோடுல பார்ப்போம். வரட்டுங்களா.